கொல்லையை முதலில் அளந்துவிடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மன்னார்குடிப் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். கொல்லையில் கோழி வளர்க்க ஆசை. இருபத்தைந்து குஞ்சு வாங்கலாமா, நாலுக்கு நாலடி கூண்டு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே ஒரு வரி: “எங்கள் அப்பாயி பதினைந்து கோழிகளை ஒரு சின்ன மண் கொடாப்பில்தான் அடைப்பார்கள், ஒரு குறையும் வந்ததில்லை.” முதலில் அந்த வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கோழி வளர்க்கக் கிளம்புகிற பலரும் இதே நினைப்போடுதான் தொடங்குகிறார்கள். அதனால்தான் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

அப்பாயியின் கொடாப்பு சின்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது கோழி தூங்குகிற இடம் மட்டும். விடிந்ததும் பலகையை நகர்த்திவிட்டால் கோழிகள் எருக்குழியைச் சீய்க்கும், வைக்கோல் போரடியில் மேயும், களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கும், வேலியோரம் குழி பறித்துப் புழுதியில் புரளும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்து அடையும். ஊர் முழுக்க அவற்றுக்கு மேய்ச்சல். இரவு முழுக்க ஒட்டி ஒட்டி உட்கார்ந்து தூங்கியதில் அவற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்கள் மனையைச் சுற்றியோ ஆறடி மதில். வெளியே விட்டால் தெருநாயும் வண்டியும். பக்கத்து வீட்டில் பூந்தொட்டி. கோழி நாள் முழுக்க உங்கள் மதிலுக்குள்தான் வாழப்போகிறது. கொடாப்பின் அளவை அப்பாயியிடமிருந்து எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டால் கணக்கு இடிக்கும். அன்று ஊர் சும்மா கொடுத்த இடத்தை இன்று நீங்கள் டேப் வைத்து அளந்து கொடுக்க வேண்டும்.

எவ்வளவு என்று சொல்கிறேன். வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்குக் கொட்டகைக்குள் இரண்டு சதுர அடிக்குக் குறையக்கூடாது. வனராஜா மாதிரி உடம்பு பெருக்கும் ரகம், அல்லது பெருவிடை என்றால் மூன்று. இது இரவுக்கும் மழை நாளுக்கும். பகலில் உலவுவதற்குத் தனியாக, கோழிக்கு எட்டிலிருந்து பத்து சதுர அடி. இதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது.

இரண்டு சதுர அடி என்பது யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னதல்ல. இங்கிலாந்தில் மரியன் டாக்கின்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர், இன்னொருவரோடு சேர்ந்து 1989-இல் முட்டைக்கோழிகள் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று அளந்து வெளியிட்டார். சும்மா நிற்க 475 சதுர சென்டிமீட்டர். தரையைச் சீய்க்க 856. ஒரு சுற்றுத் திரும்ப 1,272. இறக்கையை விரித்து அடித்துக்கொள்ள 1,876. இந்தக் கடைசி எண்ணைச் சதுர அடியில் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட சரியாக இரண்டு வரும். ஒரு கோழி பக்கத்துக் கோழிமேல் படாமல் இறக்கையடிக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் நாம் கொட்டகைக்குள் கொடுக்கிற குறைந்தபட்சம்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். நாலுக்கு நாலு, பதினாறு சதுர அடி. இருபத்தைந்து கோழிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 600 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே, ஓர் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சின்னது. ஐரோப்பாவில் முட்டைப் பண்ணைகளின் பழைய வகைக் கம்பிக்கூண்டுகளில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் என்று விதி இருந்தது. அது கொடுமை என்று சொல்லித்தான் 2012-இலிருந்து அந்தக் கூண்டுகளையே அங்கே தடை செய்தார்கள். கம்பிக்கூண்டுக் கோழியின் முட்டை வேண்டாம் என்றுதானே நீங்களே வளர்க்க நினைக்கிறீர்கள்? அதே கூண்டை உங்கள் கொல்லையில் கட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தில் கொல்லை 12 அடிக்கு 20 அடி. வீட்டை ஒட்டி ஆறடியைத் துவைக்கிற கல்லுக்கும் மோட்டாருக்கும் துணி காயப்போடவும் விட்டுவிடுங்கள். அதையும் கோழிக்கு விட்டுக்கொடுக்கிற வீட்டில்தான் ஆறாவது மாதம் கோழியால் சண்டை வருகிறது. மிச்சம் 12-க்கு 14, அதாவது 168 சதுர அடி. அதில் 4-க்கு 6 கொட்டகை. 24 போக 144 சதுர அடி உலவுவதற்கு. எட்டுப் பெட்டை, ஒரு சேவல் என்று வைத்தால் கொட்டகையில் ஆளுக்கு இரண்டரை அடிக்கு மேல், வெளியே பதினாறு அடி. இதுதான் உங்கள் கொல்லை தாங்குகிற எண்ணிக்கை. வெளியே பதினாறு எதற்கு, எட்டு போதுமே என்று கேட்பீர்கள். அந்த 144 அடியை நடுவில் ஒரு வலைத்தடுப்பு போட்டு இரண்டாகப் பிரிக்கப் போகிறோம். ஒரு பாதியில் கோழி மேயும்போது மறுபாதி ஓய்வில் இருக்கும். கோழி சீய்க்கிற வேகத்துக்கு ஒரே இடத்தில் விட்டால் சில வாரத்தில் புல் பூண்டு இல்லாமல் கட்டாந்தரை ஆகிவிடும். ஓய்வில் விட்ட பாதியில் ஒரு பிடி கம்பையோ கீரை விதையையோ தூவித் தண்ணீர் தெளித்தால் முளைத்து எழும். தடுப்பைத் திறக்கிற அன்றைக்குக் கோழிகள் அதில் பாய்கிற பாய்ச்சலைப் பார்க்க வேண்டும். மூலையில் இருக்கிற முருங்கையை வெட்டாதீர்கள். நிழலும் அதுதான், தீனியில் ஒரு பங்கும் அதுதான்.

பெட்டைக் கணக்கில் ஒரு விஷயம். முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். விடியற்காலைக் கூவலைப் பக்கத்து வீட்டார் பொறுப்பார்களா என்று இப்போதே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இருபத்தைந்து குஞ்சு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் குஞ்சு நாற்பது கிராம்கூட இருக்காது. இருபத்தைந்தும் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். முதல் மாதம் ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி போதும், உங்கள் நாலுக்கு நாலு அப்போது மைதானமாகத் தெரியும். அடுத்த மாதம் ஒரு அடி கேட்கும். நாலைந்து மாதத்தில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டி நிற்கும். இடம் மட்டும் அதே பதினாறுதான். சேவல், பெட்டை பிரிக்காமல் விற்கிற குஞ்சில் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும். பன்னிரண்டு சேவல்கள் ஒரே வேலிக்குள் பருவத்துக்கு வந்தால் நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவற்றை எப்போது, யாரிடம் கொடுப்பீர்கள் என்ற பதில் கையில் இருந்தால் மட்டும் பதினைந்து குஞ்சுவரை வாங்குங்கள். இல்லையென்றால் நாலு மாத வெடைக்கோழிகளாக எட்டு வாங்குவதுதான் மேல். விலை கூடுதல்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே கணக்கு கைக்குள் இருக்கும்.

கணக்கு கைமீறுகிற இன்னொரு வழி அடை. நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்காரும். இருபத்தொரு நாளில் குஞ்சு. இரண்டு மாதம் போல் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, பிறகு கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். எட்டுப் பெட்டையில் மூன்றுக்கு மட்டும் அடை வைத்தால்கூட ஒரு வருடத்துக்குள் கொல்லையில் முப்பது உருப்படி நிற்கும். ஆகவே இன்றைய தலையை எண்ணிக் கொட்டகை கட்டாதீர்கள். அடுத்த தைக்கு எத்தனை தலை இருக்கும் என்று எண்ணிக் கட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு அடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வெளியே போன பிறகு அடுத்தது.

நெரிசலில் என்ன நடக்கும் என்று கேட்டால் பலரும் நோய் வரும் என்பார்கள். நோய் பிறகு வரும். முதலில் வருவது கொத்து. கோழிக்கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி உண்டு. நார்வேக்காரர் ஷெல்டரப்-எப்பே சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து பார்த்து, யார் யாரைக் கொத்தலாம் என்ற இந்த வரிசையை 1920-களின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். வரிசை அமைந்துவிட்டால் சண்டை குறையும், ஏனென்றால் கீழே இருப்பது ஒதுங்கிப்போகும். ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்கும்? இடமில்லாத கூண்டில் மேலே இருப்பது கொத்திக்கொண்டே இருக்கும், கீழே இருப்பது வாங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் கூட்டத்தில் கடைசிப் படியில் இருக்கிற கோழி எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிடரியில் இறகு கொட்டி மொட்டையாக இருக்கும். தீனி வைத்ததும் மற்றவை ஓடிவர, இது நாலடி தள்ளி, தலையைச் சாய்த்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கொத்து எடுத்துக்கொண்டு பின்னால் ஓடும். சாயங்காலம் எல்லாம் அடைந்த பிறகு அதைக் கையில் எடுத்துக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு வலப்பக்கம் தடவிப் பாருங்கள். வயிறாரத் தின்ற கோழிக்கு அங்கே தீனிப்பை உருண்டு கெட்டியாக, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்காவது தட்டுப்படும். கடைசிக் கோழிக்கும் அப்படித் தட்டுப்பட்டால் உங்கள் இடம் போதும் என்று அர்த்தம். துணிப்பையாகத் துவண்டு கிடந்தால் போதவில்லை. எந்தப் புத்தக அளவையும்விட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன். தீனித்தட்டையும் தண்ணீரையும் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு மூலைகளில் வையுங்கள். நடுவில் ஒரு பழைய பலகையைச் சாய்த்து வைத்தால் துரத்தப்பட்ட கோழி அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும். இவ்வளவு செய்தாலே பாதிக் கொத்து நின்றுவிடும்.

கொட்டகையைப் பற்றி. நீங்கள் உள்ளே நிமிர்ந்து நிற்கிற உயரம் இருக்க வேண்டும். ஆள் நுழைய முடியாத கூண்டை யாரும் ஒழுங்காகக் கூட்டிப் பெருக்க மாட்டார்கள். முதல் மாதம் குனிந்து கை விட்டு அள்ளுவோம், மூன்றாவது மாதம் நாளைக்கு என்று தள்ளிப்போடுவோம். கடையில் விற்கிற ஆயத்தக் கூண்டுகளில் “இருபது கோழிக்கு” என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்பாமல் டேப் வைத்து அளந்து, சதுர அடியை இரண்டால் வகுத்துப் பாருங்கள்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் முழுக்க வலை. மேலே தகரம் போட்டால் அதன்மேல் கட்டாயம் கீற்று வேயுங்கள். கோழிக்கு வியர்வை கிடையாது. அதன் உடல் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். சித்திரை, வைகாசி வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். தாழ்வான தகரக் கூரைக்குக் கீழே, நெருக்கியடித்து நிற்கிற கோழிகள் மத்தியானம் சுருண்டு விழுவது இதனால்தான். நிழலில் தண்ணீர், ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றி. கூரை இறவாணத்தை மூன்றடி வெளியே இழுத்துவிடுங்கள், ஐப்பசி மழையில் சாரல் உள்ளே வராது.

உங்கள் ஊரில் மழையைச் சொல்லாமல் கொட்டகையைச் சொல்ல முடியாது. தரையைச் சுற்றுமட்டத்தைவிட ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள். உள்ளே நாலு அங்குலம் உமி பரப்புங்கள், நெல் அரைவை மில்லில் மூட்டையாகக் கிடைக்கும். வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். ஒரு கை அள்ளிப் பிடித்துப் பார்த்தால் உருண்டையாக ஒட்டக்கூடாது, விரலை விரித்ததும் உதிர வேண்டும். ஒட்டினால் ஈரம். ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் வருகிறது. அந்தக் கிருமியின் முட்டை கோழியின் எச்சத்தோடு வெளியே விழும்போது நோய் பரப்பும் நிலையில் இருக்காது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அந்த நிலைக்கு வந்துவிடும். அதைக் கொத்தித் தின்கிற குஞ்சுதான் ரத்தமாகக் கழிகிறது. காய்ந்த தரையும் தாராளமான இடமும் இருந்தால் ஒரு குஞ்சின் வாய்க்குப் போகிற கிருமியின் அளவு குறையும், குறைவாகப் போனால் குஞ்சு சமாளித்து எதிர்ப்பும் பெற்றுவிடும். வலைத்தடுப்பு போட்டு மாற்றி மாற்றி விடச் சொன்னதற்கு இதுவும் காரணம். உள்ளே குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அது அம்மோனியா. நின்றுகொண்டிருக்கிற நமக்குத் தெரியாது, நாள் முழுக்கக் கீழே இருக்கிற கோழிக்குத் தெரியும்.

கோழி அடைவதற்குக் கம்பு வேண்டும், தரையில் தூங்கவிடாதீர்கள். காட்டுக்கோழி மரக்கிளையில் அடைகிற பழக்கம் வீட்டுக்கோழிக்கும் விட்டுப்போகவில்லை. ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்றால் ஒன்பது கோழிக்கு ஆறடி. உங்கள் கொட்டகையின் நீளமும் அதுதான். ஆனாலும் இரண்டு சவுக்குக் கம்பு கட்டுங்கள், இடையில் ஓரடிக்கு மேல் விட்டு, இரண்டையும் ஒரே உயரத்தில். ஒன்று உயரமாக இருந்தால் தினமும் சாயங்காலம் அதற்கு அடிபிடி நடக்கும். மூங்கில் வேண்டாம். அதன் பொந்திலும் வெடிப்பிலும் பகலில் கோழிச்செள்ளு ஒளிந்துகொண்டு ராத்திரி ஏறி ரத்தம் குடிக்கும். முட்டையிட ஓரடிக்கு ஓரடி பெட்டி, நாலைந்து பெட்டைக்கு ஒன்று வீதம் இரண்டு போதும். வைக்கோல் போட்ட பழைய கூடையும் ஆகும். கம்பைவிடத் தாழ்வாக, இருட்டு மூலையில் வையுங்கள். உயரத்தில் வைத்தால் அதிலேயே ஏறித் தூங்கி எச்சமிட்டு வைக்கும்.

வலையில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. கொட்டகைக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான். கீரி, பாம்பு, பெருச்சாளி எதுவும் நுழையாது. அடியில் ஓரடி மண்ணுக்குள் இறக்கிப் புதையுங்கள். மரநாய் மேலேயிருந்து வரும், கூரைக்கும் வலைக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருந்தால் அதற்குப் போதும். உலவுகிற இடத்துக்கு மேலே பழைய மீன்வலையைக் கட்டிவிட்டால் பருந்தும் காக்கையும் குஞ்சைத் தூக்காது.

இன்னும் ஒன்றே ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், இரண்டடிக்கு மூன்றடியில் ஒரு தனிக்கூண்டு. சந்தையில் வாங்கிய புதுக்கோழியை மூன்று வாரம் அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு விட வேண்டும். வாங்கிய அன்றே சேர்த்துவிட்டு, பத்து நாளில் மொத்தக் கூட்டத்தையும் வெள்ளைக்கழிச்சலுக்குக் கொடுத்த வீடுகள் ஏராளம். சுணங்கி நிற்கிற கோழிக்கும் அடைக்கோழிக்கும் அதே கூண்டு உதவும். குஞ்சு பொரித்த பிறகு தாயையும் குஞ்சுகளையும் பகலில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்துக்கொள்ளலாம். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சின் ஏழாம் நாளில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் ஊர் ஊராக இலவச முகாமும் நடத்துகிறது. தடுப்பூசியை இடம் ஈடுகட்டாது, இடத்தைத் தடுப்பூசியும் ஈடுகட்டாது.

கொட்டகையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். கோழி இல்லாமலே ஒரு மழைக்காலத்தை அது பார்க்கட்டும். எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது, சாரல் எதுவரை வருகிறது என்று நீங்களே பார்த்துச் சரிசெய்யலாம். தை பிறந்ததும் கோழி வாங்குங்கள். அதற்கு முன், கொல்லையில் மத்தியானம் இரண்டு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று குறித்து, முருங்கையையும் துவைக்கிற கல்லையும் சேர்த்து அளவோடு இன்னொரு படம் வரைந்து அனுப்புங்கள். முதல் படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று போடவில்லை. கதவை எங்கே வைப்பது என்பதை அது தெரிந்த பிறகு சொல்கிறேன்.

அன்புடன்.